வேல்ஸ் வெள்ளத்துக்கு ஓர் உபகுழு

தென்துருவத் தமிழ் இலக்கியப் பேரவையின் பரிந்துரை கோரும் ஏழாம் இலக்கப் படிவத்தில் பன்னிரண்டாவது கேள்வி இது: ‘நூல் நிகழும் காலம் யாது? ஒன்றுக்கு மட்டும் சரி அடையாளம் இடுக.’ கீழே ஒன்பது பெட்டிகள். சங்க காலத்தில் தொடங்கி, பல்லவர், சோழர் என்று படிப்படியாக இறங்கி, ஒன்பதாவது பெட்டி ‘தற்காலம்’ என்று முடியும். சிட்னியின் புறநகரான டூங்கபியில் இருக்கும் சிவனேஸ்வரி தன் சாப்பாட்டு மேசையில் இருந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பெட்டிகளுக்குச் சரி போட்டார். ஒன்று தற்காலம். மற்றது பல்லவர் காலம். அவருடைய நாவலில் பல்லவர் ஒருவரும் இல்லை. ஆனால் நாவலின் பாதியில் வரும் வேல்ஸ் நாட்டுக் கதை நடந்த நூற்றாண்டுக்கு அந்தப் பெட்டிதான் கிட்டத்தட்டப் பொருந்தியது.

பின்னால் நடந்த சகல அனர்த்தங்களுக்கும் அந்த இரண்டாவது சரிதான் காரணம் என்று பேரவையின் ஆண்டறிக்கை இன்றைக்கும் சொல்கிறது.

சிவனேஸ்வரிக்கு அறுபத்தொரு வயது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சத்திரசிகிச்சைக் கத்திகளைக் கிருமி நீக்கி அடுக்கும் வேலை. காலையில் ஒரு மணித்தியாலம் ரெயின் பயணம், மாலையில் ஒரு மணித்தியாலம் ரெயின் பயணம். அந்த இரண்டு மணித்தியாலத்தில், போனில், வலது கைப் பெருவிரல் ஒன்றாலேயே, ஒன்பது வருடமாக ‘கதவு மூடும் நேரம்’ என்ற நாவலை எழுதி முடித்திருந்தார். அந்தப் பெருவிரல் இப்போது இடது பெருவிரலைவிடக் கொஞ்சம் தடிப்பு.

இளவயதில், சிட்னிக்கு வருமுன், மூன்று மாரிகாலம் வேல்ஸ் நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர் அவர். அங்கே கேட்ட கதை அது. கடல்மட்டத்துக்குக் கீழே ஒரு செழித்த நாடு. சுற்றிவர மதில். மதிலில் கதவுகள். கடல் ஏறும்போது கதவை மூடவேண்டியது ஒரு காவலன் பொறுப்பு. அரண்மனையில் விருந்து நடந்த ஒருநாள் அவன் நன்றாகக் குடித்துவிட்டுக் கண்ணயர, நாடு முழுக்கக் கடலுக்குள் போய்விட்டது. அமைதியான பொழுதில் தண்ணீருக்குள் கோயில் மணி கேட்கும் என்று அந்த ஊரார் சத்தியம் பண்ணுவார்கள். சிவனேஸ்வரி அந்தக் காவலனுக்கு இவான் என்று பெயர் வைத்தார். சிட்னி சென்ட்ரல் ஸ்டேசனில் விசில் ஊதி ரெயின் கதவை மூடவைக்கும் அமுதினி என்றொரு பெண்ணை உண்டாக்கினார். ஒற்றை அத்தியாயங்களில் அமுதினி, இரட்டை அத்தியாயங்களில் இவான். இங்கே கதவு மூடினால் அங்கே கேட்கும், அங்கே தண்ணீர் ஏறினால் இங்கே காலில் சப்பாத்து நனையும். கடைசியான இருபத்தோராவது அத்தியாயத்தில் இரண்டு பேருடைய காலமும் ஒன்றாகிவிடும்.

அவருக்கு விருது வேண்டாம். ஆசை ஒன்றே ஒன்றுதான். நகரசபை நூலகத்தில் தமிழுக்கென்று இரண்டு தட்டுகள் உண்டு. அதில் தன் புத்தகம் நிற்கவேண்டும். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் அதை எடுத்து முழுசாக வாசிக்கவேண்டும். தெரிந்தவர்கள் எல்லாரும் வாசித்தாயிற்று. அவர்கள் ‘நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டு, புட்டுக்கு என்ன கறி என்று கேட்டவர்கள். ஆகவே அவருக்குத் தேவைப்பட்டது ஓர் அந்நியர். நூலகத்துப் பெண் மிகவும் அன்பாக, “ஏதாவது ஒரு தமிழ் அமைப்பிடமிருந்து பரிந்துரைக் கடிதம் மட்டும் கொண்டு வாருங்கள்” என்று சொல்லியிருந்தாள். பாவம், அவள் அதை ஒரு சின்ன விசயம் என்று நினைத்தாள்.

“இரண்டு சரி போட்டனியோ?” பக்கத்து வீட்டுக் கலா வாயில் கைவைத்தார். கலா, விழாக்களுக்கு ரோல்ஸ் என்னும் சிற்றுண்டி செய்து கொடுப்பவர். சிட்னியில் உள்ள அத்தனை தமிழ் அமைப்புகளையும் சமையல் நடக்கும் குசினிப் பக்கத்திலிருந்து அறிந்தவர். “சிவனேசு, உனக்கு விசரோ? அவைக்கு ஒரு காலத்தையே தாங்கேலாது. போன வருசக் கலண்டரையே இன்னும் கழட்டேல்லை.”

“கதை இரண்டு காலத்திலயும் நடக்குதடி. நான் என்ன செய்ய?”

“ஒண்டைப் போட்டுட்டுப் பேசாமல் இருந்திருக்கோணும். அங்க ஆர் வாசிக்கப் போகினம்?”

பேரவையில் முப்பத்தெட்டு அங்கத்தவர்கள். அதில் முப்பத்தாறு பேர் நிர்வாகக் குழு. மிச்ச இரண்டு பேரும் அடுத்த வருடம் நிர்வாகத்துக்கு வருவதாக எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு சேர்ந்தவர்கள். இரண்டு சரி விவகாரத்தை ஆராய, தலைவர் சச்சிதானந்தனின் வீட்டுக் கராஜில் அவசரக் கூட்டம் கூடியது. ‘அவசரம்’ என்பதனால் ஏழு வாரத்துக்குள் கூட்டிவிட்டார்கள்.

மூன்று மணிக்கு விளக்கேற்றினார்கள். பிறகு மௌன அஞ்சலி. யாருக்கு என்று சிவனேஸ்வரி பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். “அது இன்னும் முடிவாகேல்லை, தங்கச்சி. நீங்கள் எழும்பி நில்லுங்கோ” என்றார் அவர். வரவேற்புரை நாலே முக்காலுக்கு முடிந்தது. வந்திருந்தது பதினொரு பேர்தான், ஆனால் ஆளுக்கு நாலு பட்டம். நாற்பத்து நாலு பட்டத்தையும் வரிசை குழம்பாமல் சொல்லவேண்டும். ஒரு இடத்தில் ‘சொல்லேர் உழவர்’ தவறிப்போய் முதலில் இருந்து தொடங்கவேண்டி வந்தது.

தலைவர் எழும்பினார். சச்சிதானந்தன் பிடிக்காத மைக் இந்த நகரத்தில் இல்லை. கராஜில் மைக் தேவையில்லை. என்றாலும் பிடித்தார்.

“பெருமதிப்புக்குரிய சபையோரே! இந்த நூலை நான் வாசிக்கவில்லை. இதைப் பெருமையோடு சொல்லுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகளாக நான் எந்த நூலையும் வாசிக்காமல்தான் தலைமை தாங்கி வருகிறேன். வாசித்தால் பக்கச்சார்பு வந்துவிடும். நடுநிலை என்பது ஒரு தவம்! ஆனாலும் ஒன்று கேட்கிறேன். வேல்ஸ் எங்கே இருக்கிறது? நாம் வாழும் மாநிலத்தின் பெயர் என்ன? நியூ சவுத் வேல்ஸ்! முதலில் நாம் இங்கே இருந்தோம். பிறகுதான் யாரோ அங்கே போய்ப் பெயரைச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே கடல்கொண்ட அந்த நாடு எங்களுடையதே. காவலன் எங்களுடையவனே. அவன் தமிழனாக இருந்திருந்தால் மட்டும் கதவை மூடியிருப்பான்!”

கைதட்டல் கராஜ் கதவில் பட்டுத் திரும்பி வந்தது. எங்களுடையவன் என்றால் அவன் ஏன் தமிழன் இல்லை என்று கேட்க சிவனேஸ்வரி வாய் திறந்தார். அதற்குள் அவருக்கு ஒரு பொன்னாடை போட்டார்கள். பேரவையில் கேள்விக்கு மறுமொழி சொல்லும் முறை அது.

செயலாளர் நாகராஜன், கணினிக் கம்பனி ஒன்றில் திட்ட மேலாளர். கோயம்புத்தூர்க்காரர். மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்: “மேடம், உங்க நாவல்ல ரிஸ்க் எங்க இருக்குன்னா, ரெண்டு காலமும் ஒண்ணை ஒண்ணு நம்பி நிக்குது. ஒரு பக்கம் லேட் ஆனா மறுபக்கமும் லேட் ஆகும். அதனால பிரிச்சிடலாம். ஒற்றை அத்தியாயம் எல்லாம் நவீன உபகுழு, நான் பாத்துக்கறேன். இரட்டை அத்தியாயம் தொன்ம உபகுழு, தலைவர் ஐயா பாத்துப்பாங்க. யாரும் மத்தவங்க பாதியைப் படிக்கக் கூடாது. சுத்தமா இருக்கும்.”

“ஐயோ, ஒண்டை விட்டு ஒண்டு வாசிச்சா விளங்காதே?” என்றார் சிவனேஸ்வரி.

“விளங்கணும்னு படிவத்துல எங்கயும் கேக்கல மேடம்.”

சிவனேஸ்வரி படிவத்தைப் புரட்டிப் பார்த்தார். உண்மையிலேயே கேட்கவில்லை.

ஐந்து மாதத்தில் இரண்டு உபகுழுக்களும் அறிக்கை அனுப்பின. நவீன உபகுழு அமுதினியைப் பற்றி இருபத்தாறு கேள்விகள் எழுப்பியிருந்தது. மூன்றாம் அத்தியாயத்தில் அவளுடைய சப்பாத்து ஏன் நனைந்திருக்கிறது? வீட்டில் குழாய் உடைந்ததா? நீர் வழங்கல் பகுதிக்கு அறிவித்தாளா? ஐந்தாம் அத்தியாயத்தில் ‘இவான்!’ என்று கத்துகிறாள், யார் இந்த இவான், இவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, ஆகிவிட்டதென்றால் ஆகியது இவனோடா? குடும்பப் பெண் ஒருத்தியின் வாயில் வெள்ளைக்காரன் பெயர் வருவது சமூகத்துக்கு என்ன செய்தியைச் சொல்கிறது?

தொன்ம உபகுழுவின் அறிக்கை மூன்றே வரி. காவலன் மது அருந்துவது பேரவையின் யாப்பு விதிகளுக்கு முரண். அவன் இஞ்சித் தேத்தண்ணி குடித்து மதி மயங்குவதாக மாற்றவும். நாடு கடலில் மூழ்குவதும் அமங்கலம். முழங்கால் அளவோடு நிறுத்தவும்.

“இஞ்சித் தேத்தண்ணி குடிச்சு எவனடி மயங்கினவன்?” கலா சிரித்துச் சிரித்து ரோல்ஸ் மாவைக் கீழே போட்டுவிட்டார். “இவையின்ர கூட்டத்தில நான் போடுற தேத்தண்ணியை ஒருக்கால் குடிச்சுப் பாக்கச் சொல்லு. குடிச்சவனுக்கு இரவு முழுக்க நித்திரை வராது.”

“ஒரு எழுத்தும் மாத்த மாட்டன்” என்றார் சிவனேஸ்வரி. ஆனால் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதனால் கள ஆய்வுக்குப் போனார்.

ஓம், கள ஆய்வு. சென்ட்ரல் ஸ்டேசன் பதினெட்டாவது பிளாட்போமில், நாவலில் அமுதினிக்குக் கேட்பதுபோல, கடலுக்கடி மணியோசை கேட்குமா கேட்காதா என்று நேரில் பார்க்காமல் ஒன்பதாம் அத்தியாயத்துக்கு ஒப்புதல் தரமுடியாது என்று நாகராஜன் சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை காலை பதினாலு பேர் வேட்டி சால்வையோடு போய் இறங்கினார்கள். வரிசையாக நின்று காதைத் தண்டவாளப் பக்கம் கொடுத்தார்கள். மஞ்சள் கோட்டைத் தாண்டவேண்டாம் என்று சொல்ல வந்தான் ஸ்டேசன் ஊழியன். பசிபிக் கடலின் தொங்கா தீவைச் சேர்ந்த, ஆறரையடி உயரமான, நல்ல பிள்ளை. அவனைச் சூழ்ந்துகொண்டு, இங்கே மணி கேட்பதுண்டா என்று விசாரித்தார்கள்.

“மணியா? நாள் முழுக்க” என்றான் அவன். அவன் சொன்னது ரெயின் கதவு மூடும்போது அடிக்கும் மணியை. அதைக் குறிப்பேட்டில் ‘நேரடிச் சாட்சியம் கிடைத்தது’ என்று பதிந்தார்கள். உடனே அவனுக்கு ஒரு பொன்னாடை போர்த்தி, ‘இருப்புப்பாதை இசைஞானச் சுடர்’ என்று பட்டமும் கொடுத்தார்கள். கழுத்து எட்டாததால் இருவர் ஒருவரைத் தூக்கிப் பிடிக்கவேண்டியிருந்தது. இந்தக் கோலாகலத்தில் அங்கே வந்த ஆறு ரெயினும் பிந்திப் போயின. அந்தப் பிள்ளை பொன்னாடையை மடித்து, தொலைந்த பொருட்கள் பிரிவில் ஒப்படைத்துவிட்டு வந்தான். அதற்கு உரிமை கோரிப் பேரவை இதுவரை எட்டுக் கடிதம் எழுதியிருக்கிறது.

இருபத்தோராம் அத்தியாயத்தில்தான் சனி பிடித்தது. அதில் அமுதினியும் வருகிறாள், இவானும் வருகிறான். இது யாருக்குச் சொந்தம்? ஒற்றை எண் என்பதால் தங்களுக்கே என்றது நவீனம். கடல் வருவதால் தங்களுக்கே என்றது தொன்மம். வழக்கமாக எங்கள் சனம் எதையும் தீர்த்துக்கொள்ளும் வழியில் தீர்க்க முடிவுசெய்தார்கள். பட்டிமன்றம் வைத்தார்கள். ‘இருபத்தோராம் அத்தியாயம் நவீனத்துக்கே!’ அணிக்கு மூன்று பேர், ‘தொன்மத்துக்கே!’ அணிக்கு மூன்று பேர். அறுவரும் மருமகள் மாமியார் பகிடி சொன்னார்கள். அத்தியாயத்தைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. நடுவர், நடுவர்கள் எப்போதும் சொல்லும் தீர்ப்பையே சொன்னார்: இரண்டுக்கும்!

எப்படி இரண்டுக்கும்? நாகராஜன் மடிக்கணினியில் ஏதோ தட்டினார். பந்திக்குப் பந்தி, அதாவது பத்தி பத்தியாக, பிரிப்பது என்று முடிவாயிற்று. முதலாம் பந்தி நவீனம், இரண்டாம் பந்தி தொன்மம், மூன்றாம் பந்தி நவீனம், இப்படியே கடைசி வரை. எல்லாருக்கும் திருப்தி. அன்றைக்கே பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் அந்தப் பட்டிமன்றத்துக்கு நன்றியுரை யார் சொல்வது என்று ஒரு பேச்சு எழும்பி, உட்கார்ந்த கதிரை எழும்பி, பேரவை இரண்டாய்ப் பிளந்தது. நாகராஜன் தலைமையில் தென்துருவத் தமிழ் இலக்கியப் பேரவை. சச்சிதானந்தன் தலைமையில் தென்துருவத் தமிழ் இலக்கியப் பேரவை (அசல்). கணவன் ஒன்றில், மனைவி மற்றதில் என்று டூங்கபியிலேயே ஒரு வீட்டில் தனித்தனியாகச் சமைத்தார்கள்.

சிவனேஸ்வரி இருவருக்கும் போன் எடுத்தார். “எனக்கு வெளியீடு வேண்டாம். நூலகத்துக்கு ஒரு கடிதம் மட்டும் தாருங்கோ.”

“லெட்டர்ஹெட் எங்கிட்ட இருக்கு மேடம்” என்றார் நாகராஜன். “முத்திரை அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“முத்திரை என்ர மேசை லாச்சியில பத்திரமா இருக்குது, தங்கச்சி” என்றார் சச்சிதானந்தன். “கடிதத் தலைப்பு அந்தாளின்ர கொம்பியூட்டருக்குள்ள. வெறும் தாளில முத்திரை குத்த என்ர மனச்சாட்சி விடாது.”

ஆனால் இருவரும் ஒரே ஒரு விசயத்தில் ஒத்துப்போனார்கள். தங்கள் பாதியை நூலாக அச்சடித்து வெளியிட எழுத்தாளர் சம்மதித்தால், தங்கள் பாதிக் கடமையைச் செய்வார்கள். ஒருவர் தலைப்பைத் தருவார், மற்றவர் முத்திரையைக் குத்துவார்.

“ஒன்பது வருசமடி. பாதி பாதியாக் கிழிச்சுப் போட்டு, அதையும் புத்தகம் எண்டு சொல்லுவினம். அந்தத் தட்டில போய் நிண்டாலும், எடுத்து வாசிக்கிற ஆள் என்னைப் பைத்தியம் எண்டுதானே நினைக்கும்?” என்றார் சிவனேஸ்வரி. அன்றைக்கு மட்டும் கலா பகிடி ஒன்றும் விடாமல் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். “கடிதம் கையில வந்தால் பிறகு முழுசா நீயே அடிச்சுக் குடு. அவைக்கு வித்தியாசம் தெரியப்போறேல்லை” என்றார்.

அதுவும் சரிதான் என்று பட்டது. சிவனேஸ்வரி இரு தரப்பின் சம்மதப் படிவத்திலும் கையெழுத்து வைத்தார்.

இரண்டு பேரவையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே மூன்று மணி, ஒரே சமூக நிலையத்தைப் பிடித்தன. வேறு நாள் எடுத்தால் பயந்துவிட்டார்கள் என்று மற்றவர்கள் சொல்லுவார்களாம். இடது மண்டபத்தில் நவீனம், வலது மண்டபத்தில் தொன்மம். நடுவில் ஒரு குசினி. அதன் இரண்டு பக்கச் சுவரிலும் சாப்பாடு கொடுக்கும் ஜன்னல். இரண்டு தரப்பும் கலாவிடமே சாப்பாடு சொல்லியிருந்தன. போட்டியில் ஒரு தரப்பு ரோல்ஸை முழுக்கப் பிடித்துக்கொள்ள, மற்றத் தரப்பு தேத்தண்ணியை முழுக்கப் பிடித்துக்கொண்டது. ரோல்ஸ் நவீனத்துக்கு, தேத்தண்ணி தொன்மத்துக்கு. விழாப் படத்தில் சனமெல்லாம் புத்தகத்தோடு தெரியவேண்டும் என்பதற்காக, வாசலிலேயே ஆளுக்கொரு பிரதியைக் கையில் திணித்தார்கள்.

இடது மேடையில் பதினேழு கதிரை, பதினேழு பிரமுகர்கள்; வலது மேடையிலும் அதே கணக்கு. நூலாசிரியருக்கு மேடையின் பின்புறத்தில், குத்துவிளக்குக்கும் பதாகைக்கும் நடுவில், பிளாஸ்டிக் கதிரை. சிவனேஸ்வரி இடது மேடையில் அதில் பத்து நிமிடம் இருந்து, பொன்னாடையை வாங்கிக்கொண்டு, குசினிக்குள்ளால் ஓடி, வலது மேடையில் அதேபோல ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அங்கேயும் ஒரு பொன்னாடை வாங்கினார். திரும்ப இடது பக்கம். திரும்ப வலது பக்கம். நாலாவது தடவை குசினியில் மூச்சு வாங்க நின்றபோது கலா தன் ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்தார்.

“இதைக் கட்டு. இரண்டு சால்வையிலயும் கறி படப்போகுது. ஆரும் உன்னைத் தேடுறாங்களோ?”

“இல்லை.”

“அப்ப இதில நிண்டு தேத்தண்ணியை ஊத்து.”

மைக் சத்தம் இரண்டு ஜன்னலாலும் வந்தது. இடப்பக்கம் நாகராஜன்: “...இந்த நூலோட அட்டை, முன்னூறு கிராம் தடிமன். இந்த அளவு தடிமன்ல ஒரு சிந்தனை...” வலப்பக்கம் சச்சிதானந்தன்: “...என்னை நான் புகழக்கூடாது. ஆனால் வேறு யார் புகழ்வார்கள்? முப்பத்திரண்டு ஆண்டுகளாக இந்தப் பொறுப்பைச் சுமந்து...” வாழ்த்துரைகள் பதினொன்று இன்னும் மிச்சம்.

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காத ஒரு ஒழுங்கீனம் நடந்தது. உரைகள் நீண்டன. போனில் சிக்னல் இல்லை. கையில் ஒரு புத்தகம் இருந்தது. சனம் செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல், வாசிக்கத் தொடங்கியது.

முதலில் குசினிக்கு வந்தவர் இடது மண்டபத்து அன்ரி ஒருவர், தேத்தண்ணி தேடி. புத்தகத்துக்குள் விரலை வைத்திருந்தார். “தங்கச்சி, இதில முதலாம் அத்தியாயத்துக்குப் பிறகு மூண்டாம் அத்தியாயம்தான் இருக்குது. அவளின்ர சப்பாத்து நனைஞ்சு போச்சு. இரண்டாம் அத்தியாயம் ஆரிட்ட?” பின்னாலேயே வலப்பக்கத்து ஆள், ரோல்ஸ் தேடி. “எங்களது இரண்டில தொடங்குது! விசில் சத்தம் கேட்டு முழிச்சான் எண்டு போட்டிருக்கு. ஆர் ஊதினது?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நன்றியுரைப் பிரச்சினைக்குப் பிறகு நாலு மாதமாக முகம் பாராதவர்கள்.

“அமுதினி, அண்ணை. அமுதினிதான் ஊதினவள்” என்றார் அன்ரி. “தாங்கோ பாப்பம் உங்கட பாதியை.”

அதற்குப் பிறகு அணை உடைந்த மாதிரித்தான். இரண்டு கதவாலும் சனம் வந்தது. குசினி நிரம்பி, பின்வாசலால் வழிந்து, கார் நிறுத்துமிடம் வரைக்கும் போனது. “நாலாம் அத்தியாயம் ஆரிட்ட?” “ஏழு வச்சிருக்கிற ஆள் கொஞ்சம் சத்தமா வாசியுங்கோவன்!” “ஐயோ, சொல்லாதேங்கோ, நான் இன்னும் அதுக்கு வரேல்லை!” தனித்தனியாகச் சமைத்த அந்தக் கணவனும் மனைவியும் ஒரே கார் பொனற்றில் இரண்டு புத்தகத்தையும் விரித்து வைத்துக்கொண்டு, அடுத்த பக்கத்தை யார் புரட்டுவது என்று ஆசையோடு சண்டை பிடித்தார்கள். மேடைகளில் இருந்த முப்பத்து நாலு பிரமுகர்களும் அசையவில்லை. தங்கள் முறை வருமுன் எழும்பிப் போனால் அடுத்தவர் அந்தக் கதிரையைப் பிடித்துவிடுவார் என்ற பயம்.

சிவனேஸ்வரி தேத்தண்ணிக் கேத்தலோடு பின்வாசல் படிக்கட்டுக்கு வந்தார். படியில் பஸ் ஓட்டும் சீருடையில் ஒரு ஆள், பக்கத்தில் ஊதாச் சுடிதார் போட்ட ஒரு பெண். இருவரையும் அவர் எந்தக் கலியாணவீட்டிலும், எந்தக் கோயிலிலும் கண்டதில்லை. இருவருக்கும் ஒருவரை ஒருவர்கூடத் தெரியாது என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“நான் எப்பவுமே கடைசி அத்தியாயத்தைத்தாங்க முதல்ல படிப்பேன்” என்றாள் அவள்.

“அது பாவமெல்லோ?”

“பாவம்லாம் இல்ல. முடிவு நல்லா இருந்தாத்தான் மிச்சத்தைப் படிப்பேன். நீங்க ஆரம்பிங்க, முதல் பத்தி உங்ககிட்டதான்.”

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். “அமுதினி கொடியை உயர்த்தினாள். கடைசிப் பெட்டியின் கதவு மட்டும் மூடவில்லை. எட்டிப் பார்த்தாள். உள்ளே பயணிகள் ஒருவரும் இல்லை. கடல் இருந்தது.”

அவள் தன் புத்தகத்தில் விரலை வைத்துத் தொடர்ந்தாள். “இவான் கண் விழித்தபோது விருந்து முடிந்திருந்தது. தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. எந்தக் கதவு, எந்தப் பக்கம் என்று தெரியாத இருட்டு. அப்போது ஒரு விசில் கேட்டது.”

“அவள் மூச்சு முட்ட இன்னுமொரு முறை ஊதினாள்.”

“அவன் அந்தத் திசையில் நடந்தான்.”

சிவனேஸ்வரி கேத்தலைக் கீழே வைக்க மறந்து நின்றார். ஒன்பது வருடத்தில் அந்த அத்தியாயத்தை ஒருவர் வாயால் அவர் கேட்டதில்லை. உள்ளே இரண்டு மைக்கும் ஒரே நேரத்தில், “நூலாசிரியர் ஏற்புரைக்காக உடனடியாக மேடைக்கு வரவும்” என்று கத்தின. இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை.

சுடிதார்ப் பெண் தலையை நிமிர்த்தி, ஏப்ரன் கட்டிய அந்த அம்மாவைப் பார்த்தாள். கண்ணில் கொஞ்சம் எரிச்சல்.

“ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். வெளிச்சத்தை மறைக்கறீங்க.”

சிவனேஸ்வரி தள்ளி நின்றார்.